செவித்துளையில் ஏற்றிய விளக்கு

பழைய வானொலிப் பெட்டியின் பின்பலகையில் நான்கு திருகாணிகள் இருந்தன. அவற்றைக் கழற்றினால் உள்ளே ஒளிரும் குழல்களையும், வண்ணக் கம்பிகளையும், செப்புச் சுருள்களையும் கண்ணாரக் காணலாம். இக்காலத்துத் திறன்பேசியோ பூட்டிய பேழை போன்றது. அதன் முகம் கண்ணாடி. முதுகு கண்ணாடி அல்லது உலோகம். உள்ளுறுப்புகள் பசையால் இறுக்கி ஒட்டப்பட்டிருக்கும். அதனைத் திறந்து பார்க்க விரும்புவோன் முதலில் அதனை உடைக்கத் துணிய வேண்டும்.

ஆயினும் அப்பேழையில் நெடுங்காலம் ஒரு சிறு வாயில் திறந்தே இருந்தது. அது ஹெட்போன் செருகும் துளை. அதன் விட்டம் 3.5 மில்லிமீட்டர், ஓர் உளுந்தின் அளவுக்குச் சற்றுக் குறைவு. பாட்டுக் கேட்பதற்காக அமைந்த அத்துளையின் வழியே சிலர் விளக்கேற்றினர். சிலர் வாணிகம் நடத்தினர். சிலர் வயலின் ஈரத்தை அளந்தனர். இவற்றை அவர்கள் செய்தற்கு வேண்டியிருந்தவை சிறிது மின்னறிவும், ஒரு சூட்டுக்கோலும், பொறுமையுமே.

அத்துளையில் நுழையும் செருகி புதியதன்று. அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 1878ஆம் ஆண்டு வணிக முறையிலான முதல் தொலைபேசி இணைப்பகம் தொடங்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து தோன்றிய இணைப்பகங்களில் பணியாளர் கம்பி முனையிற் பொருத்திய செருகியைப் பலகையின் துளைகளில் மாற்றி மாற்றிச் செருகி, பேசுவோரை ஒருவரோடொருவர் இணைத்தனர். அச்செருகியின் பருமன் கால் அங்குலம். அதன் சிறிய உருவமே டிரான்சிஸ்டர் வானொலிகளுக்கு வந்தது. 1979இல் சோனி நிறுவனம் வெளியிட்ட வாக்மன் கருவியோடு உலகெங்கும் பரவியது. பின்னர்த் திறன்பேசியிலும் இடம் பெற்றது.

திறன்பேசிக்குரிய செருகியைக் கையில் எடுத்து நோக்கினால், அதன் தண்டில் மூன்று மெல்லிய கறுப்பு வளையங்கள் தென்படும். அவை தண்டினை நான்கு உலோகப் பகுதிகளாகப் பிரிக்கின்றன. நுனி இடச் செவிக்கு உரியது. அதனை அடுத்த வளையம் வலச் செவிக்கு உரியது. எஞ்சிய இரண்டில் ஒன்று பொதுக் கம்பி, மற்றொன்று ஒலிவாங்கி. ஒலிவாங்கி இல்லாத பழைய வகைச் செருகியில் மூன்று பகுதிகளே உண்டு. இவ்வொழுங்கு மறைபொருள் அன்று. கருவி செய்வோர் எவரும் அறிந்தது. அதனைப் பயன்படுத்த எந்த நிறுவனத்தின் இசைவும் வேண்டியதில்லை. அத்துளையின் பெருமை முழுவதும் இதில்தான் இருந்தது என்று கூறலாம்.

இத்துளையிற் செருகும் கைவினைக் கருவிகளுள் மிக எளியது தொலைக்காட்சியை இயக்கும் விளக்கு. உறுப்புகள் மூன்றே: செருகி ஒன்று, அகச்சிவப்பு ஒளியை உமிழும் டையோடு இரண்டு. இவற்றுள் அமைந்த நுட்பமோ எளியதன்று. அதனை அறிய, ரிமோட் என்று வழங்கும் தொலையியக்கி எவ்வாறு தொழிற்படுகிறது என்பதனை முதலில் அறிதல் வேண்டும்.

தொலையியக்கியின் முகப்பில் உள்ள சிறு விளக்கு, கண்ணுக்குப் புலனாகாத ஒளியை வீசுகிறது. அவ்வொளியின் அலைநீளம் பெரும்பாலும் 940 நானோமீட்டர். மனிதக் கண் ஏறத்தாழ 700 நானோமீட்டர் வரையே காணும். ஆனால் அறையில் அகச்சிவப்பு ஒளி வேறு இடங்களிலிருந்தும் வருகின்றது. கதிரவன் அதனைக் கொட்டுகிறது, மின்விளக்கு கொட்டுகிறது, அடுப்பும் மனித உடலும்கூட வெவ்வேறு அலைநீளங்களில் அதனை உமிழ்கின்றன. இத்தனைக்கும் நடுவே ஒரு சிறு விளக்கின் சொல்லைத் தொலைக்காட்சி எவ்வாறு பிரித்தறிகிறது? தேர்த் திருவிழாவின் பேரிரைச்சலில் கூட்டத்தைப் பிரிந்த ஒருவன் தன் தம்பியை எவ்வாறு அழைப்பான்? இருவரும் முன்னரே பேசி வைத்துக்கொண்ட சீழ்க்கையை அடிப்பான். தம்பியின் செவி மற்ற ஒலிகளைத் தள்ளிவிட்டு அச்சீழ்க்கையையே தேடும். தொலையியக்கியும் அவ்வாறே தன் விளக்கை நொடிக்கு 38,000 முறை அணைத்து அணைத்து ஏற்றுகிறது. கதிரவனோ அடுப்போ அவ்வாறு துடிப்பதில்லை. தொலைக்காட்சியில் உள்ள ஏற்பி அத்துடிப்பை மட்டுமே பொருட்படுத்துகிறது. சில நிறுவனங்கள் 36,000, 40,000 முதலிய எண்களையும் கொள்வதுண்டு. பெருவழக்கு 38,000 ஆகும்.

இத்துடிப்பொளியைச் சிறிது நேரம் காட்டியும் சிறிது நேரம் நிறுத்தியும் செய்தி எழுதப்படுகிறது. பலவகைக் கருவிகளில் வழங்கும் ஒரு முறையில், தொடக்கத்தில் 9 மில்லிநொடிப் பொழுது துடிப்பு வரும், பின் 4.5 மில்லிநொடி அமைதி. 'கேள்' என்று அழைப்பது இது. அதன் பின் 32 குறிகள் வரும். ஒவ்வொரு குறியிலும் முதலில் அரை மில்லிநொடிக்குச் சற்று மிகுந்த ஒரு துடிப்பு. அதனைத் தொடரும் அமைதி அதே அளவினதாயின் அது சுழியம். மூன்று மடங்காயின் அது ஒன்று. எந்தக் கருவிக்குரிய செய்தி, எந்தப் பொத்தான் என்பனவெல்லாம் இக்குறிகளில் அடங்கும்.

இனித் திறன்பேசிக்கு வருவோம். அதன் செவித்துளையில் வரும் ஒலி மின்னலையே. ஒலிக்கு மாறாக ஒளித்துடிப்புக்கு வேண்டிய மின்னலையை அதிலிருந்து பெறலாகாதோ? பெறலாம், ஆயின் ஒரு தடை உண்டு. திறன்பேசி ஒலியைப் புள்ளிகளாக வைத்துக் கோலமிடுவது போல இடுகிறது. நொடிக்கு 44,100 புள்ளிகள் அல்லது 48,000 புள்ளிகள் என்பது பொதுவழக்கு. ஓர் அலைக்கு மேட்டில் ஒன்றும் பள்ளத்தில் ஒன்றுமாக இரண்டு புள்ளிகளுக்கு மேல் வேண்டும். ஆகவே 48,000 புள்ளிகளைக் கொண்டு நொடிக்கு 24,000 அலைகளுக்குக் குறைவாகவே எழுப்ப முடியும். மனிதச் செவி 20,000க்கு மேல் கேளாதாதலின், பாட்டுக்கு இது போதும். தொலைக்காட்சிக்கோ 38,000 வேண்டும். எத்துணை விரைவான திறன்பேசியாயினும் அதன் செவித்துளையில் அந்த எண்ணைப் பெறுவது அரிது.

இங்கேதான் கைவினைஞரின் கூரறிவு வெளிப்படுகிறது. டையோடு ஒருவழிக் கதவு போன்றது. மின்னோட்டத்தை ஒரு திசையில் விடும், மறுதிசையில் தடுக்கும். மின்னலை முன்னும் பின்னும் பாய்வது. ஒரு டையோடை இணைத்தால், அலையின் முற்பாதியில் ஒளிரும், பிற்பாதியில் இருண்டிருக்கும். அவ்வீணான பிற்பாதியில் ஒளிருமாறு மற்றொரு டையோடைத் தலைகீழாக அதனோடு பிணைத்துவிட்டால்? முற்பாதியில் முதல் விளக்கு. பிற்பாதியில் இரண்டாம் விளக்கு. ஓர் அலைக்கு இரு மின்னல்கள். எனவே 38,000 துடிப்புக்கு 19,000 அலைகளே போதும். 19,000 என்பது திறன்பேசி எளிதில் எழுப்பக்கூடிய எண்ணன்றோ! தொலைக்காட்சி, மின்னியது எந்த விளக்கு என்று கேட்பதில்லை. எத்தனை முறை மின்னியது என்றே எண்ணுகிறது.

மற்றொரு தடையும் இருந்தது. அகச்சிவப்பு டையோடு ஒளிர்வதற்கு ஏறத்தாழ 1.2 வோல்ட் மின்னழுத்தம் வேண்டும். செவித்துளையின் ஒரு பக்கம் முழு ஒலியில் தருவது பல கருவிகளில் அதற்குக் குறைவே. அதற்கும் ஒரு வழி காணப்பட்டது. இடப்பக்கம் மேலேறும் பொழுது வலப்பக்கம் கீழிறங்குமாறு ஒலியை எதிரெதிராக அமைத்தனர். தராசின் ஒரு தட்டு ஒரு விரற்கடை உயர, மறு தட்டு ஒரு விரற்கடை தாழ்ந்தால், இரண்டிற்கும் இடைவெளி இரண்டு விரற்கடையாகும். அதுபோல ஒரு பக்கத்தின் உச்சம் 1 வோல்ட் எனின், இரு பக்கங்களுக்கும் இடையே 2 வோல்ட் கிட்டும். ஆகவே விளக்குகளைப் பொதுக் கம்பியில் இணைப்பதில்லை. இடப்பக்கத்திற்கும் வலப்பக்கத்திற்கும் நடுவிலேயே இணைக்கின்றனர். ஒரே ஏற்பாட்டில் மின்னழுத்தமும் இரட்டித்தது; துடிப்பும் இரட்டித்தது.

வரைபடம் தாளில் முடிந்தபின் கைவேலை தொடங்குகிறது. பொற்கொல்லர் நகையின் இரு துண்டுகளை இணைக்க இடும் கலவையைப் பற்றாசு என்பது பழைய வழக்கு. மின்வேலையிலும் பற்றாசே உயிர். வெள்ளீயம் 63 பங்கும் காரீயம் 37 பங்கும் கலந்த கம்பி நெடுங்காலமாக இதற்குப் பயன்படுகிறது. அக்கலவை 183 பாகை செல்சியசில் உருகும். செம்பு உருக 1,085 பாகை வேண்டும். ஆகவே பற்றாசு உருகி ஓடும்போது செம்பு திண்மையாகவே நிற்கிறது. ஆயினும் இது பசை ஒட்டுவது போன்றதன்று. உருகிய வெள்ளீயம் செம்பின் மேற்பரப்பைச் சிறிதே கரைத்து, அதனோடு கூடி, மிக மெல்லிய புதிய படலம் ஒன்றை உண்டாக்குகிறது. அப்படலம் உண்டானால்தான் இணைப்பு உறுதியாகும்.

படலம் உண்டாவதைத் தடுப்பது களிம்பு. காற்றுப்பட்ட செம்பின்மீது கண்ணுக்குத் தெரியாத மாசு படிந்திருக்கும். வீட்டுப் பித்தளைக் குடத்தைப் புளியிட்டுத் துலக்குவது போல, இங்கே பைன் மரப்பிசின் துலக்குகிறது. பற்றாசுக் கம்பியின் நடுவிலேயே அப்பிசின் நரம்பு போல ஓடும். சூடு பட்டவுடன் பிசின் முதலில் உருகி மாசினை அகற்றும். பின்னால் ஈயம் பரவும். வேலையின்போது எழும் புகை ஈயத்தின் புகை அன்று; பிசினின் புகை. எனினும் அது மூச்சுக் குழாய்க்குத் தீங்கு செய்வது. சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே வேலை செய்தல் வேண்டும். ஈயமோ கையில் ஒட்டி உணவோடு வயிற்றுக்குள் செல்வதால் கேடு விளைப்பது. கைகளைச் சோப்பிட்டுக் கழுவாமல் உணவைத் தொடுதல் கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2006ஆம் ஆண்டு முதல் பெரும்பாலான மின்னணுக் கருவிகளில் காரீயத்தை விலக்கியது. அதன் பின் வெள்ளீயமும் வெள்ளியும் செம்பும் கலந்த பற்றாசு மிகுதியாக வழக்கிற்கு வந்தது. அது உருகுவது 217 பாகை அளவில். புதிதாகப் பழகும் கைக்கு அது சற்றே முரண்டு பிடிக்கும்.

கடைகளில் சால்டரிங் அயர்ன் என்று வழங்கும் சூட்டுக்கோலை 320 முதல் 350 பாகை வரை சூடேற்றுகின்றனர். உருகுநிலையினும் இவ்வளவு மிகுதியான சூடு எதற்கு என்று தோன்றலாம். கோலின் நுனி உலோகத்தைத் தொட்டவுடன் அதன் சூடு உறிஞ்சப்படுகிறது. குறைந்த சூட்டில் நெடுநேரம் பிடிப்பதினும், தக்க சூட்டில் இரண்டு மூன்று நொடிகளில் முடிப்பதே உறுப்புகளுக்கு நலம். பழகாத கை செய்யும் முதற்பிழை, கோலின் நுனியில் ஈயத்தை உருக்கி எடுத்துச் சென்று இணைப்பின்மேல் தடவுவது. போகும் வழியிலேயே பிசின் எரிந்து போகிறது. சூடேறாத செம்பின்மேல் ஈயம் தாமரையிலைத் தண்ணீர் போல உருண்டு நிற்கிறது. பார்வைக்கு ஒட்டியது போலிருக்கும். சிறிது அசைத்தால் விட்டுவிடும். கோலால் இணைப்பிடத்தைச் சூடேற்றி, ஈயக் கம்பியை இணைப்பிடத்திலேயே வைக்க வேண்டும். அப்பொழுது ஈயம் தானாக ஓடிப் பரவி, ஓரங்களில் மெலிந்து, பளபளப்பான சிறு சரிவாக அமையும். ஈயம் உறையும் வரை உறுப்பு அசைதல் ஆகாது. மூச்சையும் அடக்கிக்கொள்ளும் கணம் அது.

செருகியோடு டையோடுகளைப் பிணைக்கையில் வேறொரு இடர் உண்டு. செருகியின் வளையங்களுக்கு இடையே உள்ள கறுப்புப் பொருள் பிளாஸ்டிக். சூடு மிகுந்தால் அது இளகி, நுனி ஒருபுறம் சாய்ந்துவிடும். அத்தகைய செருகி பின்னர்த் துளையில் நுழையாது. நுழைந்தாலும் திரும்பி வாராது! இதனைத் தவிர்க்கப் பழைய வானொலியிலிருந்து எடுத்த துளையொன்றில் செருகியைச் செருகி வைத்துக்கொண்டு சூடேற்றுவர். பிளாஸ்டிக் சற்று இளகினாலும் துளை அதனை நேராகப் பிடித்து வைத்திருக்கும். டையோடின் காலையும் சிறு குறடு ஒன்றால் கவ்விப் பிடிப்பதுண்டு. சூடு மேலேறாமல் குறடு அதனை வாங்கிக்கொள்ளும்.

டையோடின் இரு கால்களுள் நீண்டது நேர்முனை, குறியது எதிர்முனை. முதல் டையோடின் நீண்ட காலும் இரண்டாம் டையோடின் குறுங்காலும் ஒன்றாகச் சேர்ந்து செருகியின் நுனிக்குரிய தகட்டிற்குச் செல்லும். எஞ்சிய இரு கால்களும் சேர்ந்து வலப்பக்கத் தகட்டிற்குச் செல்லும். பொதுக் கம்பியின் தகடு வெறுமனே விடப்படும். கால்கள் ஒன்றையொன்று தொடாதவாறு, சூடுபட்டால் சுருங்கும் மெல்லிய உறைகளை அவற்றில் மாட்டுவர். பற்றவைப்பதற்கு முன்பே இவ்வுறைகளை மாட்டிவிட வேண்டும் என்பதனை மறப்போர் பலர். அவர்கள் செய்ததை அவிழ்த்து மீண்டும் செய்கின்றனர்.

வேலை முடிந்ததும் திறன்பேசியிற் செருகிவிடுதல் தகாது. முதலில் மல்டிமீட்டர் கொண்டு ஆராய்தல் வேண்டும். டையோடைச் சோதிக்கும் நிலையில் அதன் முட்களை நுனியிலும் வளையத்திலும் வைத்தால், ஏறத்தாழ 1.1 வோல்ட் எனக் காட்டும். முட்களை இடம் மாற்றி வைத்தாலும் அவ்வாறே காட்ட வேண்டும். இரு திசையிலும் சுழியம் காட்டினால் எங்கோ கால்கள் தொடுகின்றன. அதனைச் செருகுவது கருவியின் ஒலிச் சில்லுக்கு நன்மையன்று. ஒரு திசையில் மட்டும் காட்டினால், ஒன்று டையோடு பழுதுற்றிருக்கும். இல்லையேல் இரண்டும் ஒரே திசையில் பற்றவைக்கப்பட்டிருக்கும்.

இப்பிழை நுட்பமானது. அகச்சிவப்பு ஒளியைக் கண் காணாவிடினும் பல திறன்பேசிகளின் முன்புறக் கேமரா மங்கிய ஊதா ஒளியாகக் காணும். இரண்டும் ஒரே திசையில் அமைந்த கருவியைக் கேமராவின் முன் பிடித்தால், இரு விளக்குகளும் ஒளிரக் காணலாம். செய்தவன் மகிழ்ந்து தொலைக்காட்சியை நோக்கிப் பிடிப்பான். தொலைக்காட்சி அசையாது. ஏனெனில் அவ்விளக்குகள் ஒன்றாக ஏறி ஒன்றாக அணைந்து, நொடிக்கு 19,000 முறையே துடிக்கின்றன. கேமராவுக்கு 19,000மும் 38,000மும் ஒன்றே. ஏற்பிக்கு அவை வேறு.

கருவி பழுதின்றி அமைந்தபின், அதற்குரிய ஒலியை உண்டாக்க வேண்டும். கணினியில் ஒலி திருத்தும் மென்பொருளைக் கொண்டு 19,000 அதிர்வெண்ணுடைய ஒலியை வரைந்து, வலப்பக்கத்தைத் தலைகீழாக்கி, குறிகளின் அளவுக்கேற்ப நறுக்குவர். இதனைத் தாமே செய்துவிடும் செயலிகளும் உள. அவ்வொலியை எம்பி3 வடிவில் சுருக்கிச் சேமித்தல் கூடாது. சுருக்கும் முறை, மனிதச் செவிக்குப் பயன்படாதவற்றை வெட்டி எறிவது. சாதாரணச் சுருக்கத்தில் 16,000க்கு மேற்பட்ட ஒலிகள் பெரும்பாலும் மறைந்துவிடும். பாட்டுக்கு வேண்டாததே இவ்விளக்கிற்கு உயிர். சுருக்கப்படாத கோப்பாக வைத்து, ஒலியை முழு அளவில் ஏற்றி இயக்கினால், சில அடி தொலைவிலுள்ள தொலைக்காட்சி பணியும். கடைத் தொலையியக்கி தன் விளக்கில் 100 மில்லி ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்னோட்டத்தை நொடிப்பொழுதுக்குப் பாய்ச்ச வல்லது. செவித்துளை தருவது அதிற் சிறு பகுதியே. ஆகவே அறையின் மறுகோடியிலிருந்து இயக்கும் ஆற்றல் இதற்கில்லை.

விளக்கு, வெளியே செல்லும் மின்னலையைப் பயன்படுத்துவது. உள்ளே வரும் வழியைப் பயன்படுத்திப் பெருஞ்செல்வம் ஈட்டியவரும் உண்டு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரைச் சார்ந்த ஜிம் மெக்கெல்வி கண்ணாடிக் கலைஞர். வாங்க வந்தவரின் கடனட்டையை ஏற்க வழியில்லாமையால் தம் கண்ணாடிப் பொருளொன்றின் விற்பனையை அவர் இழந்தார். கையில் திறன்பேசி இருக்க, அட்டையைப் படிக்கும் கருவி ஏன் இல்லை என்ற வினா அவருள் எழுந்தது. அட்டையின் முதுகிலுள்ள கறுப்புப் பட்டை, ஒலிநாடாவைப் போன்றதே. அதனை ஒலிநாடாக் கருவியின் தலை போன்ற சிறு காந்தச் சுருளின்மீது உரசினால் மெல்லிய மின்னலை தோன்றும். அவ்வலையை ஒலிவாங்கிக்குரிய வளையத்தில் செலுத்தினால், திறன்பேசி அதனைப் பேச்சொலி என்றே கருதிப் பதிவு செய்யும். மென்பொருள் அப்'பேச்சை' எண்களாகப் படிக்கும். தொடக்கக் கருவிகளை மெக்கெல்வி தாமே செய்தார். அவரும் ஜாக் டார்சியும் 2009இல் தொடங்கிய ஸ்கொயர் நிறுவனம் அச்சிறு வெள்ளைச் சதுரத்தைச் சிறு வணிகர்க்கு இலவசமாகவே வழங்கியது.

மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர் சிலர் 2010இல் வேறொன்றைக் கேட்டனர்: செவித்துளையிலிருந்து மின்னாற்றலையே பெறலாகாதோ? 22,000 அதிர்வெண்ணுடைய ஒலியை இடைவிடாது எழுப்பி, சிறு மின்மாற்றியால் அதன் அழுத்தத்தை உயர்த்தி, நேர்மின்னோட்டமாக மாற்றினர். கிடைத்தது 7.4 மில்லிவாட். ஒரு சிவப்பு விளக்கை மங்கலாக ஏற்றுதற்கே அது போதும். ஆயின் ஒரு சிறு நுண்செயலிக்கு அது விருந்து. ஆற்றலைத் திரட்டும் அப்பகுதிக்குரிய உறுப்புகளின் விலை 2.34 டாலர். மின்கலமின்றியே இதயத்துடிப்பையும் மண்ணின் ஈரத்தையும் அளந்து திறன்பேசிக்குத் தெரிவிக்கும் கருவிகளை அவர்கள் அமைத்துக் காட்டினர். அம்முயற்சிக்கு ஹைஜாக் எனப் பெயரிட்டனர்.

2016ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் ஆப்பிள் நிறுவனம் ஐபோன் 7ஐ வெளியிட்டது. அதில் அத்துளை இல்லை. வேறு சில நிறுவனங்கள் அதற்கு முன்பே அதனை நீக்கியிருந்தன. ஆப்பிள் நீக்கியபின் பலரும் பின்பற்றினர். உள்ளிடம் குறைவு, கம்பியற்ற ஒலிக்கருவிகளே எதிர்காலம் என்பன கூறப்பட்ட காரணங்கள். அந்நிறுவனத்தின் அதிகாரி ஃபில் ஷில்லர் அரங்கில் அதற்குச் சூட்டிய பெயர் 'துணிவு'. காரணங்களில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும் எவருடைய இசைவையும் வேண்டாத வாயில் அடைபட்டது. எஞ்சிய லைட்னிங் வாயிலில் செருகும் துணைக்கருவிகளை முறைப்படி செய்து விற்க விரும்புவோர் ஆப்பிளின் உரிமத்தை நாட வேண்டியிருந்தது.

ஸ்காட்டி ஆலன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் அத்துளையைத் தம் ஐபோனில் மீண்டும் அமைக்க முற்பட்டார். அவர் சென்ற இடம் சீனாவின் ஷென்ஜென் நகரம். அங்குள்ள ஹுவாசியாங்பெய் அங்காடியில் திறன்பேசியின் ஒவ்வோர் உறுப்பும் தனித்தனியே விற்கப்படும். ஆப்பிள் விற்ற இணைப்புக் கம்பியை வாங்கி, உறையை உரித்து, உள்ளிருந்த சிறு மின்சுற்றை எடுத்தார். துளைக்கு இடம் வேண்டுமே! பேசியின் அடிப்புறத்தில் சிறிது வெற்றிடம் கண்டார். துளையுறுப்பின் பக்கங்களை அராவி மெலிவித்தார். வாயில் ஒன்று, அதனை நாடுவனவோ இரண்டு: மின்னேற்றும் கம்பியும் ஹெட்போனும். எது வந்துள்ளது என அறிந்து பாதையை மாற்றும் சில்லு ஒன்றைச் சேர்த்தார். அனைத்தையும் தாளினும் சிறிதே தடித்த வளையும் மின்சுற்றுப் பலகையில் வரைந்து, செய்வித்து, பிழை கண்டு, மீண்டும் வரைந்தார். நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பற்றவைக்கும் வேலை அது. ஒரு மணலளவு ஈயம் மிகுந்தாலும் இரு கம்பிகள் ஒன்றாகிவிடும். இறுதியில் உலோகச் சட்டத்தைத் துளையிட்டார். பதினேழு வாரங்கள் சென்றன. ஆயிரக்கணக்கான டாலர்கள் செலவாயின. உறுப்புகள் பல உடைந்தன. 2017 செப்டம்பரில் அவர் வெளியிட்ட படக்காட்சியில், ஐபோன் 7இன் அடியில் செருகிய ஹெட்போனில் பாட்டு ஒலித்தது. பாட்டுக் கேட்கும்போது அப்பேசிக்கு மின்னேற்ற இயலாது என்னும் குறை எஞ்சியது. மின்சுற்றின் வரைபடங்களை எவரும் எடுத்தாளுமாறு அவர் வெளியிட்டார்.

இரண்டு டையோடு விளக்கைச் செய்வோர்க்கு இவ்வளவு துன்பம் இல்லை. துளையற்ற பேசிகளில் உள்ள டைப்-சி வாயிலுக்குச் சிறு இணைப்பான்கள் கிடைக்கின்றன. அவற்றுள் பலவற்றில் ஓர் ஒலிச் சில்லும், மறுமுனையில் அதே 3.5 மில்லிமீட்டர் துளையும் உண்டு. ஆனால் செருகுவதற்கு முன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தல் நலம். ஆப்பிள் நிறுவனத்தின் இணைப்பான், அமெரிக்காவில் விற்கப்படும் வகையில் முழு ஒலிக்கு 1 வோல்ட் தருகிறது. செவியின் நலம் கருதி விதி வகுத்த ஐரோப்பாவில் விற்கப்படும் வகையில் அரை வோல்ட்டே தருகிறது. இவை சராசரி அளவுகள். உச்சம் முறையே 1.4 வோல்ட்டும் 0.7 வோல்ட்டும் ஆகும். இரு பக்கங்களையும் எதிரெதிராக இயக்கினால் முதலதில் 2.8 வோல்ட் கிட்டும். விளக்கு நன்கு ஒளிரும். மற்றதில் கிட்டுவது 1.4 வோல்ட், டையோடுக்கு வேண்டிய 1.2 வோல்ட்டைக் கழித்தால் எஞ்சுவது மிகச் சிறிது. அங்கே விளக்கு மங்கலாகவே எரியும். அதனைக் கொண்டு தொலைக்காட்சியை இயக்க விரும்புவோர் அதன் அருகே செல்ல வேண்டும். அன்றேல் ஒரு டிரான்சிஸ்டரையும் பொத்தான் மின்கலத்தையும் சேர்த்து, மின்சுற்றைப் புதிதாக வரைய வேண்டும்.